நம்ம வீடு கடைசியில் இருக்கட்டும்

ஏப்ரல் 11

அக்கா,

ஆமா, நிக்குது. நீ முதல் வரியில அதைத்தானே கேட்டிருக்க, வீடு நிக்குதான்னு. நிக்குது. அப்பா ரெண்டாவது வரியிலதான் வந்தார். அதனால உன் லெட்டரை அவர்கிட்ட காட்டல. அவரும் நல்லாத்தான் இருக்கார். இருமல்தான் விடல. உள்ள போன புகை வெளிய வர வேண்டாமா.

போன் ஏன் போகலைன்னு கேட்டிருக்க. மலை மேல டவர் இருந்துச்சே, அது இப்போ தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. எப்போ சரி பண்ணுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. தபால்காரர் மட்டும் தினமும் வர்றார். சைக்கிள் டயர்ல சாம்பல் ஒட்டிக்கிட்டு.

வீட்டுக்குச் சேதம்னா, பின் ஜன்னல் கண்ணாடி ரெண்டும் வெடிச்சுப்போச்சு. மாடியில நீ வாங்கி வெச்ச கறுப்புத் தண்ணித்தொட்டி மெழுகுவர்த்தி மாதிரி வழிஞ்சு ஒட்டிக்கிடக்கு. பின்பக்கச் சுவர் முழுக்கக் கரி. கான்கிரீட் கூரை, அதான் தப்பிச்சுது.

உன் ஃபைல், வீட்டைச் சுத்தி செடி கொடியை வெட்டற அந்தத் தீத்தடுப்புத் திட்டம், வேலை செஞ்சுது அக்கா. சத்தியமா. மலை முழுக்க எரிஞ்சும், நாங்க சுத்தி வெட்டின வீடெல்லாம் நிக்குது. போன மாசம் வரைக்கும் என்ன திட்டு திட்டினாங்க. "எங்க வேலியை ஏன்டா வெட்டற, கவர்மென்ட் காசுன்னா எங்க முருங்கையையும் வெட்டுவியா"ன்னு. இப்போ அதே ஆளுங்க என் தோள்ல தட்டறாங்க. காலேஜை விட்டவன் கத்தியையாவது ஒழுங்காப் புடிச்சிருக்கான்னு ஒருத்தர் சொன்னார். பாராட்டுதான்னு எடுத்துக்கிட்டேன்.

மேல் தெருவுல ஒரே ஒரு வீடுதான் போச்சு. டெய்லரம்மா வீடு. நம்ம பக்கத்து வீடு.

அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. பட்டன் வாங்க டவுனுக்குப் போயிருந்தாங்க. ரோடு திறந்து விட்டதும் பட்டன் பையோட வந்து தெருவுல நின்னாங்க. ஓடு உள்ள விழுந்து கிடக்கு, தையல் மெஷின் மூணும் இரும்பா நிக்குது. ஸ்கூல் யூனிஃபார்ம் துணி மொத்தமும் போச்சு. பையை மட்டும் கீழ வைக்காம நின்னுட்டே இருந்தாங்க.

இன்னொண்ணு இருக்கு. அதை அப்புறம் எழுதறேன்.

வாலு


ஏப்ரல் 17

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்பாவை இரண்டாவது வரியில் விசாரித்தது என் தவறுதான். அவரைக் கேட்க பயமாக இருந்தது, அதனால் முதலில் வீட்டைக் கேட்டேன். உனக்கு இதெல்லாம் சொன்னால் புரியும், ஆனால் கிண்டல் செய்வாய்.

இங்கே எங்கள் பிரிவில் யாருக்கும் விடுமுறை இல்லை. தீத்தடுப்பு நிதியின் கணக்கை முடிப்பதற்குள் நில மீட்பு நிதிக்கான கோப்பு வந்துவிட்டது. எரிந்த சரிவுகளில் மழைக்கு முன்பு வைக்கோல் பரப்ப வேண்டும், குறுக்கே மரத்தடிகள் போட வேண்டும், பிறகு நாற்று நட வேண்டும். எந்த ஊருக்கு, எந்தச் சரிவுக்கு முதலில் என்ற வரிசை என் மேசையில்தான் தயாராகிறது. அதனால்தான் வர முடியவில்லை.

ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. நேற்று பக்கத்து மேசைக்காரர், "உங்க வீடு தப்பிச்சிடுச்சாமே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சொந்த ஊரைத் திட்டத்தில் சேர்த்தவள், சொந்த வீட்டை முதலில் சுத்தம் செய்துகொண்டவள் என்ற சிரிப்பு. இதற்குப் பயந்துதானே வெட்டு வேலை தொடங்கிய அன்றே உன்னிடம் சொன்னேன், நம்ம வீடு கடைசியில் இருக்கட்டும் என்று. நீயும் அப்படியே செய்தாய். மார்ச் முடிந்ததும் செலவழியாத அரசுப் பணம் திரும்பிப் போய் வேலை நின்றபோது நம் வீடு ஒன்றுதான் பாக்கி என்று நீ எழுதியது நினைவிருக்கிறது. அன்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

ஊரிலும் யாராவது அப்படிப் பேசினால் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு செடிகூட வெட்டவில்லை என்று தைரியமாகச் சொல். உங்கள் வேலைக்குழு மேஸ்திரியே சாட்சி.

டெய்லரம்மாவுக்கு நான் விசாரித்ததாகச் சொல். நான் வேலைக்குக் கட்டிப்போன முதல் புடவைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர்.

இன்னொன்று இருக்கிறது என்றாயே, என்ன அது?

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

நீ கேட்ட மாதிரி தைரியமாச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூட முடியல, சொல்லவும் முடியல. ஏன்னு சொல்றேன். உட்கார்ந்து படி.

தீ வந்த அன்னிக்குத் தெருவைக் காலி பண்ணிட்டாங்க. நானும் மேஸ்திரியும் மட்டும் தண்ணி பம்ப்போட நின்னோம். தீ மலையிலிருந்து இறங்கி, தெருவுக்குப் பின்னாடி நாங்க வெட்டி வெச்ச வெறும் நிலத்துக்கு வந்துச்சு. வந்து நின்னுச்சு. புல்லு இல்ல, சருகு இல்ல, அதுக்குத் திங்க ஒண்ணும் இல்ல. மேஸ்திரி என் முதுகுல ஒரு அடி போட்டார், சந்தோஷத்துல. அப்புறம் அது பக்கவாட்டுல நகர்ந்து தேடிட்டே வந்துச்சு. நம்ம பின்பக்கம் வந்ததும் விருந்து.

வேலியோரம் வரிசையா நம்ம தைல மரம். பட்டை உரிஞ்சு உரிஞ்சு தொங்கும், அப்பா கூட்டவே மாட்டார். கீழ முழங்கால் அளவு சருகு. தீ அதுல இறங்கி மரத்துல ஏறினதை நான் பார்த்தேன். மரமே வெடிக்குது அக்கா. எரியற பட்டை ஒவ்வொண்ணும் காத்துல பறந்து டெய்லரம்மா ஓட்டு இடுக்குல நுழையுது. நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? நம்ம சுவத்துக்குத் தண்ணி அடிச்சிட்டு இருந்தேன். பைப்பைத் திருப்பறதுக்குள்ள அங்க உள்ள பிடிச்சிடுச்சு.

அவங்க வீட்டைச் சுத்தி நான்தான் வெட்டினேன். பிப்ரவரியில. ஒரு குச்சிகூட விடல. "டேய், என் ரோஜாச் செடியை மட்டும் விட்டுடுடா"ன்னு கெஞ்சினாங்க. விதிமுறைன்னு சொல்லி அதையும் வெட்டினேன். அவ்வளவு ஒழுங்கு. நம்ம வீட்டை மட்டும் கடைசியா வெச்சேன், அதுவும் ஒழுங்குதான். ஏப்ரல்ல கவர்மென்ட் மெஷின் இல்லைன்னா என்ன, அரிவாளை எடுத்து ஒரு ஞாயித்துக்கிழமை நானே வெட்டியிருக்கலாம். அப்பா கேட்டார், "ஊரெல்லாம் வெட்டற, நம்ம வீட்டுக்கு எப்போடா"ன்னு. "அக்காவுக்குக் கெட்ட பேரு வரும்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். உன் பேரைச் சொல்லித் தூங்கினேன்.

இப்போ எல்லாம் கறுப்பு. எது வெட்டின இடம், எது வெட்டாத இடம்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால ஊரு என்ன சொல்லுதுன்னா, ஆபீசரம்மா வீடு, அதான் சுத்தமா வெட்டிட்டாங்க, அதான் தப்பிச்சுது. டெய்லரம்மாவே தெருவுல வெச்சு சொன்னாங்க, "உங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு தடவை வெட்டினீங்களாமே"ன்னு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இல்லைன்னு சொன்னா, வெட்டவே இல்லைன்னு சொல்லணும். வெட்டவே இல்லைன்னு சொன்னா, தீ எந்த வழியா வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். பொய்ப் பழி ஒரு போர்வை மாதிரி இருக்கு. போத்திக்கிட்டு நிக்கறேன்.

இதையும் கேளு. முந்தாநாள் அவங்க வாசலுக்கு வந்தாங்க. அப்பா கதவைத் திறந்தார். "சார், நீங்க தைக்கக் குடுத்த பேன்ட்டுத் துணி எரிஞ்சுபோச்சு. வேற துணி எடுத்துத் தந்துடறேன். மன்னிச்சுக்குங்க"ன்னு சொன்னாங்க. அப்பாகிட்ட. மன்னிப்பு.

அப்பா கதவைச் சாத்திட்டார். திமிர்னு நினைச்சிருப்பாங்க. உள்ள வந்து சுவத்தைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். அன்னியிலிருந்து பின் வாசல் வழியாத்தான் போறார், வர்றார். காலையில எழுந்ததும் பின்பக்கம் சாம்பலைக் கூட்டறார். கூட்ட வேண்டியதைக் கூட்டாதவர் இப்போ கூட்டறார்.

சொல்லட்டுமா? நீ சொல்லு.

வாலு


மே 2

வாலு,

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன். வெளியே யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். முகம் கழுவிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

நம்ம வீடு கடைசியில் இருக்கட்டும் என்று சொன்னபோது நான் நினைத்தது ஊரைப் பற்றி அல்ல, நெருப்பைப் பற்றியும் அல்ல. என்னைப் பற்றித்தான். என் பெயரில் ஒரு பொட்டு அழுக்கு படக்கூடாது. அவ்வளவுதான். அதை நேர்மை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் இப்போதே சொல்லாதே. கொஞ்சம் பொறு. டெய்லரம்மாவுக்கு வீட்டு நிவாரணத்தில் முதல் இடம் கிடைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். கையில் ஏதாவது கொடுத்துவிட்டுச் சொன்னால் தாங்கிக்கொள்வார். வெறும் கையோடு போய் உங்கள் வீட்டை எரித்தது நாங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? காற்றும் ஒரு காரணம்தானே. அந்தக் காற்று இல்லாவிட்டால் நம் மரத்தோடு போயிருக்கும்.

இதை எழுதும்போதே என் கை கூசுகிறது. இருந்தாலும் அனுப்புகிறேன்.

அப்பாவை முன் வாசல் வழியாகப் போகச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

அக்கா


மே 9

அக்கா,

காத்து மேல போடாத. காத்துக்கு வாய் இல்ல.

டவர் வந்துடுச்சு, ஆனா கூப்பிடாத. போன்ல நீ அழுவ, நான் கத்துவேன், அப்பா அடுத்த ரூம்ல கேட்டுட்டு இருப்பார். எழுதினா பாதியில நிறுத்திட்டுப் போய்க் கல்லை உதைச்சுட்டு வந்து மிச்சத்தை எழுதலாம். இப்போ ஒரு தடவை உதைச்சுட்டு வந்துட்டேன்.

இன்னிக்கு மேஸ்திரி கையில நில மீட்பு வேலை உத்தரவு வந்துச்சு. எங்களையே கூப்பிட்டிருக்காங்க. எரிஞ்சு போனதுக்கும் எங்களுக்குத்தான் கூலி. என்னோட வேலை செய்யற நெட்டையன் சொல்றான், "நல்ல தொழில்டா இது, ரெண்டு பக்கமும் வருமானம்". எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

வரிசையைப் பார்த்தேன். ஸ்கூல் சரிவு முதல்ல, சரி. அப்புறம் ஏரிக்கரை, சரி. அப்புறம் யாருமே இல்லாத பாறைக்காடு. அதுக்கும் அப்புறம், கடைசி வரியில, மேல் தெருப் பின்சரிவு. நம்ம சரிவு. இது யார் எழுதின வரிசைன்னு மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் உத்தரவைப் பார்த்தேன்.

மறுபடியுமா?

டெய்லரம்மா அவங்க இடத்துக்கே திரும்பி வந்துட்டாங்க. நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், யாரோ குடுத்த பழைய கை மெஷின். ஜூன்ல ஸ்கூல் திறக்குது, யூனிஃபார்ம் தைக்கலைன்னா வாடிக்கை போயிடும்னு உட்கார்ந்து தைக்கறாங்க. எங்க உட்கார்ந்திருக்காங்க தெரியுமா? நம்ம பின்சரிவுக்கு நேர் கீழ. அந்த மண்ணைப் பிடிச்சுட்டு இருந்தது அந்தத் தைல மரம்தான். இப்போ வேர் வரைக்கும் கரி.

நேத்து ஒரு வாளித் தண்ணியைச் சரிவுல ஊத்திப் பார்த்தேன். உள்ள போகல அக்கா. மெழுகு தடவின மாதிரி, தண்ணி உருண்டு உருண்டு சாம்பலையும் இழுத்துட்டு ஓடி வந்து அவங்க தார்ப்பாய் ஓரத்துல நின்னுச்சு. ஒரு வாளிக்கே இப்படி. பெரிய மழை வந்தா மண்ணு மொத்தமும் அதே வழியாத்தான் வரும். தீ வந்த வழி.

"இங்க இருக்காதீங்க, மண்ணு வரும்"னு சொன்னேன். என்ன சொன்னாங்க தெரியுமா? "உங்க வீட்டுக்கு மேல இருக்கற மண்ணுதானே? அதை கவர்மென்ட் ராஜா மாதிரி பார்த்துக்கும். நான் இங்கதான் பத்திரம்".

உன் பேரு சுத்தமா இருக்கணும்னு இன்னொரு தடவை அவங்க மேல எதையாவது இறக்காத. மாத்து.

வாலு


மே 16

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வரிசை என்பது நான் ஒருத்தி உட்கார்ந்து எழுதும் கடைச் சாமான் சீட்டு அல்ல. சரிவின் அளவு, கீழே உள்ள மக்கள்தொகை, நீர்நிலைக்கு உள்ள தூரம் என்று பல அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றின் அடிப்படையில்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவள் என்று நீ பார்.

அளவுகோல்படி மேல் தெரு இரண்டாவதாக வந்தது. நான்தான் கடைசிக்கு இறக்கினேன். யாரும் சொல்லவில்லை. உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்து அழுததற்கு அடுத்த வாரமே. என் கை அந்த ஊர்ப் பெயரைக் கண்டதும் தானாகக் கீழே போயிற்று. அழுத அதே கை. அதை உனக்கு எப்படிப் புரியவைப்பது? தப்பு செய்துவிட்டோம், இனிமேல் இன்னும் அதிகமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒதுங்கி நின்றதுதான் தப்பு என்று தோன்றவே இல்லை.

இப்போது கோப்பு இயக்குநரின் கையெழுத்தாகி வந்துவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் நான் அவர் அறைக்குப் போய், என் சொந்த வீட்டுப் பின்பக்கத்தை முதலில் போடுங்கள் என்று என் வாயால் கேட்க வேண்டும். எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அதையே.

எனக்கு ஒரு வாரம் கொடு.

அக்கா


மே 22

அக்கா,

ஒரு வாரம் உன்கிட்ட இருக்கும், மேகத்துகிட்ட இல்ல. நேத்து மலைக்குப் பின்னாடி இடி கேட்டுச்சு. நான் சொல்லிட்டேன்.

நான் பெரிய ஆள்னு நினைச்சுக்காத. முதல்ல மேஸ்திரியை அனுப்பினேன். "ஏம்மா, மண்ணு சரியும், நகருங்க"ன்னார். "உங்க வேலை உத்தரவுல எங்க தெரு கடைசியாம். அவ்வளவு ஆபத்துன்னா அந்த ஆபீசரம்மா அவங்க வீட்டைக் கடைசியில போடுவாங்களா?"ன்னு கேட்டாங்க. மேஸ்திரி திரும்பி வந்துட்டார். நியாயம்தானே. சொந்த வீட்டுக்கே ஆபத்தை வெச்சுக்கற பைத்தியம் எங்கயாவது உண்டா. நாமதான் இருக்கோம்.

அப்புறம் நான் போனேன். சட்டைக்குக் காலர் வெச்சுட்டு இருந்தாங்க. வாயில குண்டூசி.

"எங்க பின்பக்கம் வெட்டவே இல்ல"ன்னு சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தாங்க. குண்டூசியை ஒண்ணொண்ணா எடுத்துத் துணியில குத்தினாங்க.

"எப்போ?"

"எப்பவுமே. கடைசியா வெச்சோம். அக்காவுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு. வேலை நின்னுபோச்சு. உங்க வீட்டுக்குத் தீ எங்க மரத்துலேருந்துதான் வந்துச்சு. நான் பார்த்தேன்."

மெஷின் சக்கரத்து மேல கையை வெச்சிட்டே இருந்தாங்க.

"அப்போ ஊரெல்லாம் உங்க அக்காவைத் திட்டினது வீணாப் போச்சா"ன்னாங்க. சிரிக்கல. "நானும் வாய் வலிக்கத் திட்டினேனே. தப்பான விஷயத்துக்குத் திட்டியிருக்கேன்."

தைச்ச காலரைக் கீழ வெச்சாங்க.

"என் ரோஜாவை வெட்டினியே."

"ஆமா."

"உங்க அப்பாகிட்ட போய் பேன்ட்டுக்கு மன்னிப்பு கேட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் இத்தனை நாள் என் எதிர்ல போய் வந்துட்டு இருந்த."

அப்போ அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன், உனக்கும் பங்கு உண்டு. "இப்போ எதுக்குடா சொல்ற? மனசாட்சி குத்துதா? இல்ல. மழை வருது, நான் இங்கேருந்து நகரணும், அதுக்குச் சொல்ற. மழை வராதுன்னா சொல்லியிருக்க மாட்ட."

ஆமா அக்கா. சொல்லியிருக்க மாட்டேன். அவங்க வீட்டு நிவாரணத்துக்கு நீ வழி பார்த்து முடிக்கற வரைக்கும், அப்புறம் வீடு கட்டி முடிக்கற வரைக்கும், அப்புறம் எதுக்குப் பழசைக் கிளறணும்னு. எனக்கு என்னைத் தெரியும்.

"சரி, மெஷினைத் தூக்கு. மரம் மாதிரி நிக்காத. உங்க வீட்டு மரம் நின்னதே போதும்"னாங்க. தூக்கினேன். நம்ம வீட்டுல உன் ரூம் காலியா இருக்கு, அங்க இருங்கன்னு சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வையோடவே ஸ்கூல் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். அங்க ஒரு வகுப்பறை திறந்து விட்டிருக்காங்க.

ஆனா இடம் அவங்களோடதுதான். அந்த மண்ணுலதான் மறுபடி வீடு கட்டணும். அதுவும் போச்சுன்னா, ஊரைவிட்டே போயிடுவேன்னு சொல்றாங்க. இன்னும் எவ்வளவு எடுத்துக்கப் போறோம் அவங்ககிட்டேருந்து?

வாலு


மே 28

வாலு,

போனேன்.

காலையிலிருந்து மூன்று முறை இயக்குநர் அறை வாசல் வரைக்கும் போய்விட்டு, தண்ணீர் குடிக்க வந்தவள் போலத் திரும்பினேன். நான்காவது முறை அவரே கூப்பிட்டுவிட்டார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மரம், சருகு, டெய்லரம்மா, அளவுகோல்படி இரண்டாவதாக வந்ததை நான் இறக்கியது, எல்லாம்.

"சார், மேல் தெருச் சரிவை முதலில் எடுக்கணும். அங்கேதான் எங்க வீடு இருக்கு" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் அவர் விடவில்லை.

"இதுக்குத்தானா இவ்வளவு தயக்கம்? முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா. இத்தனை வருஷமா இருக்கீங்க, ஒண்ணும் கேட்டதில்லை. நம்ம ஆளுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி" என்றார். பேனாவை எடுத்து அடித்துத் திருத்திக் கையெழுத்தே போட்டுவிட்டார். பக்கத்து மேசைக்காரர் அங்கேயே நின்றிருந்தார். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தவர் போல.

இல்லை சார், இது சலுகை அல்ல, என் தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் விசாரிப்பார்கள், கோப்பை நிறுத்துவார்கள், புது வரிசை வரும்வரை எந்த வேலையும் நடக்காது. அதனால் நன்றி சொன்னேன். கைகூப்பி நன்றி சொன்னேன், வாலு. சலுகை வாங்கியவள் எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்தேன். அந்த அறையிலிருந்து என் மேசைக்கு வரும் வழி இவ்வளவு நீளம் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது.

மழை ஓய்ந்ததும் நடந்ததை முழுவதும் எழுதி அவர் மேசையில் வைப்பேன். என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

உத்தரவு நாளை மேஸ்திரிக்கு வரும். வைக்கோல் லாரி உடனே கிளம்பும். ஆனால் வைக்கோலை உள்ளே அடைத்துச் சரிவுக்குக் குறுக்கே போடும் வலைக்குழாய் கிடங்கில் தீர்ந்துவிட்டது, பத்தாம் தேதிக்குப் பிறகுதான் வரும். அதுவரை வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று மேஸ்திரியைக் கேள்.

விடுமுறை இல்லை என்று நான் எழுதியதெல்லாம் பாதிதான் உண்மை. அந்தத் தெருவில் நடக்க எனக்குப் பயம். அடுத்த வாரச் சனிக்கிழமை வருகிறேன்.

அக்கா


ஜூன் 3

அக்கா,

வைக்கோல் வந்துச்சு, குழாய் வரல. சும்மா பரப்பினா முதல் காத்துலயே பறந்துடும். கோணிப்பையை நீளமாத் தச்சு, உள்ள வைக்கோலை அடைச்சு, சரிவுக்குக் குறுக்கப் போட்டு முளை அடிச்சா நிக்கும்னு மேஸ்திரி சொன்னார். கோணி கிடைக்கும், யாருடா தைக்கறதுன்னு நெட்டையன் கேட்டான். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தோம். யாருக்கும் போய்க் கேட்க முகம் இல்ல.

அப்பா போனார். முன் வாசலைத் திறந்து, செருப்பை மாட்டி, நடுத்தெருவுல நடந்து ஸ்கூலுக்குப் போனார். என்ன பேசினார்னு தெரியாது, கேட்டா சொல்ல மாட்டேங்கறார். திரும்பி வந்து, "கூலி பேசியாச்சு. சும்மா தைக்க மாட்டாங்களாம்"னு மட்டும் சொன்னார். கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. புகைன்னு சொல்ல இப்போ புகையும் இல்ல.

நேத்துலேருந்து தைக்கறாங்க. கோணி ஊசி உள்ளங்கையைக் கிழிக்குது, துணியைச் சுத்திக்கிட்டுத் தைக்கறாங்க. "இது என்ன தையல், யானைக்குப் பாவாடையா"ன்னு நெட்டையன்கிட்ட கேட்டாங்க. எல்லார்கிட்டயும் பேசறாங்க, என்கிட்ட மட்டும் இல்ல. நான் அடைச்ச மூட்டையை மட்டும் காலால உருட்டிப் பார்த்துட்டு, "இது லூசு, மறுபடி அடைக்கச் சொல்லு"ன்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்றாங்க. மறுபடி அடைக்கறேன்.

பாதிச் சரிவு முடிஞ்சுது. மேல் பாதி பாக்கி. வானம் காலையிலேருந்து ஒரே ஈயக் கலரு.

கீழ தெருவுல கூட்டம். பாறைக்காட்டுக்காகக் கேட்க ஆள் இல்ல, ஏரிக்கரைக்காரங்க வந்து நிக்கறாங்க. உத்தரவு மாறினது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. "பார்த்தியா, தீக்கும் முதல்ல அவங்க வீடு, மண்ணுக்கும் முதல்ல அவங்க வீடு"ன்னு ஒரு ஆளு. டெய்லரம்மா ஊசியை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. இவன் என்ன சொல்லப் போறான்னு. அவங்க வாயைத் திறந்தா ஒரே வாக்கியத்துல எல்லாம் தெரிஞ்சுபோகும். திறக்கல. என் வேலைன்னு விட்டுட்டாங்க.

தீக்கு நாம கடைசி, அதான் இந்தம்மா வீடு போச்சுன்னு அவங்ககிட்டயும் நான்தான் சொல்லணும். மண்ணுக்கு நாமதான் முதல், ஆமா, அதையும் சொல்லணும். அக்கா கேட்டு வாங்கினாங்க, நான் செய்யறேன்னு. ஸ்கூல் சரிவு மே மாசமே முடிஞ்சுது, அடுத்தது ஏரிக்கரைதான், ஆளாளுக்கு ஒரு மூட்டை தூக்கினா நாளைக்கே அங்க வந்துடலாம்னு சொல்லிப் பார்க்கறேன். கல்லால அடிச்சாலும் அடிப்பாங்க.

நீ சனிக்கிழமை வரும்போது பின் வாசல் வழியா வராத. பஸ்ஸை விட்டு இறங்கி நேரா மேல் தெருவுல நடந்து வா. கொஞ்சம் நீளம்தான், உன் ஆபீஸ் வழி மாதிரி. நான் முக்குல நிக்கறேன்.

மேஸ்திரி கத்தறார், முதல் தூறல் விழுந்துடுச்சாம். அந்த ஆளு இன்னும் அங்கதான் நிக்கறான், இன்னும் சத்தமாக் கேட்கறான், "ஆபீசர் வீட்டுக்குத்தானே முதல்ல"ன்னு.

ஆமான்னு சொல்லணும். போகணும் இப்போ.